கரைக்கு எத்தனை பாகம், போட்டுக்கு எத்தனை பாகம்? லீடர் நீளம் பற்றி ஒரு கேள்வி

காசல்ரீ கரை

எல்லாருக்கும் வணக்கம். நான் நோர்வூட் பக்கம். பத்து வருடமாகக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில்தான் தூண்டில் போடுகிறேன். கெண்டை, திலாப்பியா, எப்போதாவது ஒரு விரால். அங்கே ஒரு மீட்டர் லீடர் (பிரதான நூலின் நுனியில் கட்டும் தடித்த நூல்) எனக்குப் போதுமாக இருந்தது, அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

போன ஆகஸ்டில் மச்சானோடு நிலாவெளிக் கடற்கரைக்குப் போனேன். அதற்காகவே 13 அடி ரொட் ஒன்று வாங்கினேன். பிரதான நூல் 20 இறாத்தல் தாங்கும் பிரெய்ட் (பின்னல் நூல்), நுனியில் லீடராக அதே ஒரு மீட்டர் தங்கூசி (ஒற்றை இழை நூல்), 4 அவுன்ஸ் ஈயம். மூன்றாவது வீச்சிலேயே பட்டென்று அறுந்தது. ஈயம் கடலுக்குள் போகவில்லை, கரையோரமாகவே பக்கவாட்டில் பறந்து போய் விழுந்தது. அந்தப் பக்கம் இரண்டு பிள்ளைகள் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முழுக்க எனக்குக் கை நடுங்கியது. அதற்குப் பிறகு பலமாக வீசவே மனம் வரவில்லை.

மறுநாள் போட்டில் போனோம். அங்கே வேறு பிரச்சினை. நல்ல பாரை ஒன்று போட்டின் ஓரம் வரை வந்தது. மச்சான் குனிந்து பிடிக்கப் போனபோது பிரெய்ட் போட் விளிம்பில் உரசி அறுந்துவிட்டது.

அடுத்த மாதம் திரும்பவும் போகிறோம். இரண்டு நாள் கரை, ஒரு நாள் போட். லீடர் எவ்வளவு நீளம் வைக்க வேண்டும்? கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறார்கள்: ஒரு மீட்டர், ஆறு அடி, முப்பது அடி. ஏன் அந்த நீளம் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் காரணம்தான் வேண்டும்.

கல்லடி மண்

தம்பி, அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாதது பெரிய காரியம். 4 அவுன்ஸ் என்றால் 113 கிராம் ஈயம். அந்த வேகத்தில் தலையில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் முதலில் அதைப் பேசுவோம், மீன் பிறகு.

நான் மட்டக்களப்பில் பிறந்தவன், வேலை பதுளையில். எங்கள் ஊரில் அப்பாமார் நூலைப் பாகத்தில்தான் அளப்பார்கள். இரண்டு கையையும் விரித்தால் விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை ஒரு பாகம். என் கைக்கு அது ஐந்தரை அடி. கரையில் நின்று அளக்க அதைவிட நல்ல வழி இல்லை.

கரை வீச்சில் லீடர் மீனுக்காக இல்லை, வீச்சுக்காக. ரொட்டை முழு பலத்தோடு சுழற்றும்போது ஈயத்தின் பாரம் பல மடங்காகி நூலில் விழுகிறது. அந்தப் பாரத்தைத் தடித்த தங்கூசிதான் தாங்க வேண்டும். ஈயத்திலிருந்து ரொட் நுனி வரை, நுனியிலிருந்து ரீல் வரை, ரீலிலேயே சில சுற்று வரை எல்லாம் லீடராக இருந்தால்தான் மெல்லிய நூல் அந்தக் கணத்தில் பாரத்தைப் பார்க்காது. உங்களுடைய ஒரு மீட்டர் லீடர் ரொட் நுனிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வீச்சின் அடி முழுக்க உங்கள் விரலுக்கும் ரொட் நுனிக்கும் நடுவில் இருந்த பிரெய்ட்டில் விழுந்தது. அதனால் அறுந்தது.

உங்கள் ரொட்டுக்கே கணக்குப் போடுவோம். 13 அடியில் ரீல் இருக்கும் இடம் அடியிலிருந்து ஏறக்குறைய இரண்டரை அடி. ஆக ரீலிலிருந்து நுனிக்குப் பத்தரை அடி. வீசும்போது ஈயம் நுனியிலிருந்து ஐந்து அடி தொங்கும். ரீலில் ஆறு சுற்று வேண்டும், அதற்கு நாலு அடி. முனை தேய்ந்தால் வெட்டிவிட்டுத் திரும்பக் கட்ட இன்னும் நாலு அடி. கூட்டினால் ஏறக்குறைய 24 அடி. என் கைக்கு அது நாலரைப் பாகம் கிட்ட. ரொட் 11 அடி என்றால் குறையும், 14 அடி என்றால் கூடும். ஆளாளுக்கு வேறு வேறு எண் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

தடிப்பு: ஈயம் ஒரு அவுன்ஸுக்கு 10 இறாத்தல். 4 அவுன்ஸுக்கு 40 இறாத்தல் லீடர், 5 அவுன்ஸுக்கு 50. இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வெலிமடை வாத்தியார்

கல்லடி மண் சொன்னது சரி. நான் சேர்க்க விரும்புவது ஒரு சின்ன விஷயம், ஆனால் அது தெளிவில்லாததால்தான் இந்தக் குழப்பம் எல்லாம். நாம் மூன்று வேறு பொருளை ஒரே பெயரில் லீடர் என்கிறோம்.

வீச்சின் அடியைத் தாங்கும் நீளமான தங்கூசி ஒன்று. ஈயத்திலிருந்தோ பிரதான நூலிலிருந்தோ பிரிந்து தூண்டில் முள்ளுக்குப் போகும் கிளை நூல் இன்னொன்று. பல்லுள்ள மீனுக்காக முள்ளுக்குப் பக்கத்தில் போடும் கம்பி மூன்றாவது. ஒருவர் ஒரு சாண் என்கிறார் என்றால் அவர் கம்பியைச் சொல்கிறார். ஒருவர் இரண்டு அடி என்கிறார் என்றால் கிளை நூல். முப்பது அடி என்கிறவர் வீச்சு லீடரைச் சொல்கிறார். மூவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் வேறு வேறு பொருளை.

கிளை நூலுக்கும் கரையில் ஒரு கணக்கு, போட்டில் ஒரு கணக்கு உண்டு. கரையில் அதைக் குறுக்கினால் நல்லது. ஒரு அடியிலிருந்து இரண்டு அடி. அதற்கு மேல் போனால் காற்றில் சுழன்று ஈயத்தோடு சிக்கிக்கொள்ளும், தூரமும் குறையும். போட்டில் நங்கூரம் போட்டு நீரோட்டத்தில் இறக்கும்போது வீச்சு கிடையாது. மூன்று முதல் ஆறு அடி வரை விடலாம். இரை நீரோட்டத்தில் இயல்பாக ஆடும், விளைமீன் மாதிரி சந்தேகப்படும் மீனுக்கு அது உதவும்.

ஊவா ஜிக்

போட் பக்கத்தை நான் சொல்கிறேன். வருடத்தில் நாலைந்து தடவை திருகோணமலையிலிருந்து போகிறேன். அங்கே கடல் அமைதி மே முதல் செப்டம்பர் வரைதான், அதனால் லீவெல்லாம் அதற்குள் முடிந்துவிடும்.

போட்டில் வீச்சு அடி கிடையாது. ரொட் ஆறரை அல்லது ஏழு அடி, மீன் நேராகக் கீழே. இங்கே லீடருக்கு இரண்டு வேலை. ஒன்று, அடியில் இருக்கும் பாறையில் உரசினாலும் தாங்குவது. பிரெய்ட் இழுவைக்குப் பலம், உரசலுக்குப் பலமே இல்லை. இரண்டாவது, கடைசி நிமிடம். மீன் போட் ஓரத்துக்கு வந்ததும் யாராவது கையால் பிடித்துத் தூக்க வேண்டும். பிரெய்ட்டைக் கையால் பிடித்தால் விரல் வெட்டுப்படும், விளிம்பில் பட்டால் அறுந்துவிடும். உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

ஆகவே என் அளவு இரண்டு பாகம், பத்துப் பதினொரு அடி. மீன் தண்ணீர் மட்டத்துக்கு வரும்போது முடிச்சு ரொட் வளையங்களுக்குள் ஏறியிருக்கும், கையில் தங்கூசி மட்டும்தான் இருக்கும். ஒரு விஷயம் கெஞ்சிக் கேட்கிறேன்: லீடரைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். பிடித்து இழுங்கள், மீன் திரும்பினால் விடுங்கள். சுற்றிக்கொண்ட கையோடு ஒரு பெரிய பாரை கீழே பாய்ந்தால் ஆளையும் இழுத்துவிடும்.

தடிப்பு 40 முதல் 60 இறாத்தல். அப்புறம் நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவைச் சுற்றித் தூண்டில் போட வேண்டாம். 2003இலிருந்து அது தேசியப் பூங்கா.

ரம்பொடை

நானும் கணவரும் பொத்துவில் பக்கம் போவோம். பண்டாரவளை வழியாக வெல்லவாய வந்து, அங்கிருந்து மொனராகலை ஊடாக அந்த ஏ4 பாதையில். எனக்கு நாலரைப் பாகக் கணக்கில் உடன்பாடு இல்லை.

நான் கரையிலிருந்து லூர், அதாவது செயற்கை இரைதான் வீசுகிறேன். 10 அடி ரொட், 30 கிராம் உலோக ஜிக், 30 இறாத்தல் பிரெய்ட். என் லீடர் ஒரு பாகத்துக்கும் குறைவு. முடிச்சை ரொட் நுனிக்கு வெளியே வைத்துத்தான் வீசுகிறேன். இரண்டு வருடமாக ஒன்றும் அறுந்ததில்லை. நீளமான லீடர் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வீச்சிலும் முடிச்சு வளையங்களில் டக் டக் என்று அடித்தது, தூரம் கண்ணுக்குத் தெரியவே குறைந்தது. ஒரு காலையில் நூறு தடவைக்கு மேல் வீசுகிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. கரை என்றாலே நீள லீடர் என்று சொல்லிவிட்டால் புதியவர்கள் வீணாகக் கஷ்டப்படுவார்கள்.

கல்லடி மண்

தங்கச்சி சொல்வது முழுக்கச் சரி, நான்தான் பிரித்துச் சொல்லவில்லை. 30 கிராம் என்பது ஒரு அவுன்ஸுக்குச் சற்று மேல். அதற்கு 10 இறாத்தல் போதும், உங்கள் பிரெய்ட் 30. பிரதான நூலே வீச்சைத் தாங்குகிறது. தனியாக வீச்சு லீடர் தேவையே இல்லை. உங்கள் லீடர் உரசலுக்கும் மீனின் கண்ணுக்கும்தான். தம்பி வீசுவது 113 கிராம், அவருடைய நூல் 20 இறாத்தல். அங்கே குறுக்க முடியாது.

ஆக, கரையா போட்டா என்பதைவிட எவ்வளவு பாரம் வீசுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். இதைப் பத்து வருடத்துக்கு முன் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எத்தனையோ ஈயம் மிஞ்சியிருக்கும்.

ரம்பொடை

அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும், லூர் வீசும்போதும் பின்னால் ஆள் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாருங்கள். ஜிக்கில் முள்ளும் இருக்கிறது.

மவுசாகலை மூடுபனி

கடலுக்குப் போக வசதியில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் நீர்த்தேக்கங்களிலும் எல்லா இடத்துக்கும் ஒரு மீட்டர் சரிவராது.

மவுசாகலையில் தண்ணீர் இறங்கும் மாதங்களில் பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் மற்றக் கட்டடங்களும் வெளியே தெரியும். பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஏறியபின் அந்தச் சுவர்களும் மரக்கட்டைகளும் அங்கேயே கீழே இருக்கின்றன, மீனும் அங்கேதான் ஒதுங்குகிறது. கெண்டை ஒரு சுவர் மூலையைச் சுற்றி ஓடினால் ஒரு மீட்டர் லீடர் தாண்டி பிரெய்ட் கல்லில் படும். அங்கே நான் இரண்டு பாகம் கட்டுகிறேன், ஊவா ஜிக் போட்டுக்குச் சொன்ன அதே அளவு. காசல்ரீயில் மண் சரிவான கரைகளில் ஒரு மீட்டர் தாராளம்.

தண்ணீர் இறங்கியிருக்கும்போது போய் எந்த இடத்தில் சுவர், எந்த இடத்தில் கட்டை என்று பார்த்துக் குறித்து வையுங்கள். லீடர் நீளத்தைவிட அந்தக் குறிப்பு எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. அந்த மண்ணில் நடக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் மனம் கனக்கும். அந்தக் கோயிலில் கும்பிட்ட வீட்டுக்காரர்கள் இன்னும் எங்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள்.

காசல்ரீ கரை

எல்லாருக்கும் நன்றி. ஒரு மீட்டர் ஏன் அறுந்தது என்று இப்போதுதான் புரிகிறது. இன்னும் மூன்று கேள்வி.

முடிச்சு ரீலுக்குள் இருந்தால் வீசும்போது விரலை வெட்டாதா? தடித்த தங்கூசியும் மெல்லிய பிரெய்ட்டும் சேரும் முடிச்சு எது நல்லது? மூன்றாவது, என்னிடம் ஒரே ரீல்தான். கரைக்கு ஒன்று, போட்டுக்கு ஒன்று என்று வாங்க இப்போது முடியாது.

வெலிமடை வாத்தியார்

முடிச்சுக்கு: பிரெய்ட்டையும் தங்கூசியையும் சேர்க்க எஃப்ஜி முடிச்சு. தங்கூசியை மடிக்காமல் பிரெய்ட்டை அதன் மேல் மாறி மாறி இருபது சுற்று போல் சுற்றி இறுக்குவது. மெல்லியது, வளையத்தில் தட்டாது. ஆனால் நன்றாக ஈரப்படுத்தி, பலமாக இழுத்து, பிரெய்ட்டின் நிறம் அழுத்தத்தில் மாறும்வரை இறுக்காவிட்டால் வழுக்கிக் கழன்றுவிடும். கடற்கரைக் காற்றில் நின்று அதைக் கட்டப் பார்க்காதீர்கள். வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் கட்டி, சுற்றிக்கொண்டு போங்கள். கரையில் அறுந்தால் அவசரத்துக்கு இரட்டை யூனி முடிச்சு போதும். சற்றுப் பருமன், ஆனால் ஐந்து நிமிடத்தில் கட்டலாம்.

தங்கூசியோடு தங்கூசி சேர்ப்பவர்களுக்கு இரட்டை யூனியே நல்லது.

சாதனைப் பதிவில் ஆர்வமுள்ளவர்களுக்கு இன்னொரு தகவல். சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் கடல் விதியில் 20 இறாத்தல் வரையுள்ள நூலுக்கு லீடர் 15 அடிக்கு மேல் போகக்கூடாது, அதற்கு மேற்பட்ட நூலுக்கு 30 அடி. நன்னீரில் 6 அடி. அந்தக் கணக்கில் நம் 24 அடி லீடர் 20 இறாத்தல் நூலில் செல்லாது. நமக்குச் சாதனை வேண்டாம், பாதுகாப்புத்தான் வேண்டும்.

கல்லடி மண்

விரலுக்கு: வீசும் முன் முடிச்சு ரீலின் சுருளில் அடிப்பக்கமாக, ரொட்டின் அடியை நோக்கி இருக்குமாறு பார்த்துச் சுற்றுங்கள். அப்போது மேலே கழன்று போகும் நூல் முடிச்சில் தட்டாது. சுட்டுவிரலுக்கு ஒரு தோல் உறை. கிடைக்காவிட்டால் துணி ஒட்டுநாடா இரண்டு சுற்று. இதைப் போடாமல் 4 அவுன்ஸை பிரெய்ட்டோடு வீச வேண்டாம்.

ஒரே ரீல் என்பது பிரச்சினை இல்லை, தம்பி. முதல் இரண்டு நாள் கரை என்றுதானே சொன்னீர்கள்? நாலரைப் பாகத்தோடு தொடங்குங்கள். இரண்டு நாளில் முனை கொஞ்சம் தேயும், வெட்டி வெட்டிக் கட்டுவீர்கள். மூன்றாம் நாள் போட்டுக்குப் போகும்போது முடிச்சிலிருந்து இரண்டு பாகம் அளந்து மிச்சத்தை வெட்டிவிடுங்கள். முடிச்சைத் தொடவே வேண்டாம். மாறிப் போனால்தான் கஷ்டம். போட் முதலில் என்றால் கரைக்குப் புதிதாகக் கட்ட வேண்டிவரும்.

போட் நாளுக்கு மட்டும் மச்சானிடம் குட்டை ரொட் ஒன்று கேட்டுப் பாருங்கள். 13 அடி ரொட்டோடு போட்டில் நிற்பது ஆகாத காரியம்.

ஊவா ஜிக்

அந்த ஏற்பாடு நல்லது. போட் நாளுக்கு ஒரு சாண் கம்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். அறுக்குளாவும் சீலாவும் வந்தால் 60 இறாத்தல் தங்கூசியையும் ஒரே கடியில் வெட்டும். லீடரை நீட்டினாலும் பல்லுக்கு அது பதில் ஆகாது. ஆனால் கம்பி போட்டால் பாரை கடிப்பது குறைகிறது என்பது என் அனுபவம், அதனால் அறுக்குளா இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போடுகிறேன்.

லீடருக்கு ஃப்ளூரோகார்பன் இழை வாங்கலாமா என்று கேட்பீர்கள். ஒளி விலகும் அளவு தண்ணீருக்கு 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42, நைலோனுக்கு 1.5க்கு மேல். ஃப்ளூரோகார்பனின் அளவு தண்ணீருக்கு நெருக்கம், அதனால் தெளிந்த தண்ணீரில் குறைவாகத் தெரியும். கனமும் அதிகம், தாழும். போட்டுக்கு நல்லது. கரை வீச்சு லீடருக்குச் சாதாரண நைலோன் தங்கூசியே மேல். கொஞ்சம் இழுபடும், வீச்சின் அடியை வாங்கிக்கொள்ளும், விலையும் குறைவு. அலை நுரைக்குள் மீன் எதைப் பார்க்கப் போகிறது?

காசல்ரீ கரை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். போய்விட்டு வந்தோம்.

போகிறதுக்கு முதல்நாள் இரவு லயத்து வாசலில் உட்கார்ந்து எஃப்ஜி முடிச்சு கட்டினேன். முதல் இரண்டும் வழுக்கியது. மூன்றாவதை வாளியில் ஐந்து லீற்றர் தண்ணீர் தொங்கவிட்டுப் பார்த்தேன், நின்றது. பாகம் அளக்க அம்மாவே கையை விரித்துக் காட்டினார். கொழுந்து எடுத்த கை, என் பாகத்தைவிட அரை அடி குறைவு. அதனால் நான் என் கையிலேயே அளந்தேன்.

கரையில் இரண்டு நாளும் ஒரு வீச்சுக்கூட அறுக்கவில்லை. முதல் அரை மணி நேரம் பயந்து பயந்து வீசினேன், ஆள் இல்லாத இடமாகப் பார்த்து. பிறகு கை தானாக இளகியது. இரண்டாம் நாள் விடிகாலையில் இரண்டு கிலோ அளவு பாரை ஒன்று. கடைசி அலையில்தான் எனக்கு லீடரின் இன்னொரு பயன் தெரிந்தது. அலை பின்வாங்கும்போது மீனின் பாரமும் தண்ணீரின் இழுப்பும் சேர்ந்து வருகிறது. அந்த நேரம் முடிச்சு ரீலுக்குள் ஏறிவிட்டது. தடித்த தங்கூசியில் பிடித்து, அடுத்த அலை வரும்போது அதோடு சேர்த்து மணலில் இழுத்துவிட்டேன். மெல்லிய நூலாக இருந்திருந்தால் போயிருக்கும்.

ஒரு தவறும் செய்தேன். சிப்பித் திட்டில் ஈயம் மாட்டி வந்ததற்குப் பிறகு லீடரை விரலால் தடவிப் பார்க்கவில்லை. அடுத்த மீன் கடித்ததும் முள்ளுக்கு ஒரு முழம் மேலே அறுந்தது. அந்த நாலு அடி மிச்சம் எதற்கு என்று அப்போது விளங்கியது. இரண்டு அடி வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டினேன்.

போட் நாளில் கல்லடி அண்ணன் சொன்னபடி இரண்டு பாகம் விட்டு வெட்டினேன். மச்சானின் ஏழு அடி ரொட். ஒரு சீலா கம்பியில் வந்தது, இரண்டு விளைமீன் கம்பி இல்லாமல். ஒவ்வொன்றையும் மச்சான் லீடரைப் பிடித்துத்தான் தூக்கினார், சுற்றாமல். விளிம்பில் உரசியது, ஒன்றும் ஆகவில்லை.

மவுசாகலை அண்ணன், வெட்டியெடுத்ததில் தேய்ந்த முனையைக் கழித்தால் எட்டு அடி நல்ல தங்கூசி இருக்கிறது. உங்கள் இரண்டு பாகத்துக்குக் கொஞ்சம் குறைவு. சுவர் இருக்கும் இடத்துக்கு இது போதுமா?

மவுசாகலை மூடுபனி

எட்டு அடி போதும் தம்பி. தண்ணீர் இறங்கியதும் சொல்கிறேன், முதலில் ரொட் இல்லாமல் வாருங்கள். சுவர்களைக் காட்டிவிடுகிறேன்.